ஆறு அங்குலத் திரையில் பயம் வருமா? மொபைல் ஹாரர் கேம்கள்

இரவுப்பறவை:

வணக்கம் நண்பர்களே. பிசியில் விளையாடுகிறவர்களோடு ஹாரர் கேம் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது: "போனில் என்ன பயம் வரப்போகிறது? உள்ளங்கை அளவு திரை, பக்கத்து அறையில் சீரியல் ஓடும், நடுவில் யாராவது போன் செய்வார்கள்." இந்தக் கருத்து எனக்கு ஒப்பவில்லை. போனில் மட்டுமே விளையாடி வந்தவன் என்ற முறையில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் வெட்டியும் ஒட்டியும் பேசுங்கள்.

ஹாரர் கேமில் கண் வழியாக வரும் பயம் கொஞ்சம்தான். பெரும்பகுதி காது வழியாக வருகிறது. மீதி, எதுவும் செய்ய முடியாமல் காத்திருக்கும் நேரத்தில் வருகிறது. இந்த இரண்டுக்கும் பெரிய திரை தேவைப்படுவதில்லை.

ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட் காத்தன் கிட்டத்தட்டத் தனி ஆளாகச் செய்தது. 2014 ஆகஸ்டில் கணினிக்கு வந்தது, அந்த மாதம் முடிவதற்குள் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது. அதில் நீங்கள் ஒரு பீட்சா கடையின் இரவுக் காவலாளி. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து ஓட முடியாது. இரண்டு பக்கமும் ஒரு கதவு, ஒரு விளக்கு, கையில் கேமரா திரை. கதவை மூடினாலும் விளக்கைப் போட்டாலும் கேமராவைத் திறந்தாலும் கரன்ட் வேகமாகக் குறையும். பகலில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடிய இயந்திர பொம்மைகள் இரவில் நடமாட ஆரம்பிக்கும்.

இவ்வளவையும் ஒரு விரலால் தட்டி விளையாடலாம். கணினியில் மௌஸ் செய்யும் வேலையை இங்கே விரல் செய்கிறது, நமக்கு இழப்பு ஒன்றுமில்லை. கரன்ட் தீர்ந்துவிட்டால் அறை இருண்டுபோகும். கதவுப் பக்கம் கரடி பொம்மையான ஃப்ரெடியின் முகம் மட்டும் விட்டுவிட்டு ஒளிர, கார்மென் ஓபராவின் டோரியடார் மெட்டு இசைப்பெட்டிச் சத்தத்தில் கேட்கும். அது எப்போது நிற்கும் என்று தெரியாது. நின்ற கொஞ்ச நேரத்தில் அவன் உள்ளே இருப்பான். அதற்குள் 6 மணி அடித்துவிட்டால் தப்பித்தோம். அந்த மெட்டைக் கேட்டபடி சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அந்த கேமின் உச்சம். அப்போது திரையில் பார்க்க ஏறக்குறைய எதுவுமே இல்லை.

நீங்கள் எதை விளையாடுகிறீர்கள், எப்படி விளையாடுகிறீர்கள் என்று எழுதுங்கள்.

கொங்கு கேமர்:

நூற்றுக்கு நூறு சரி சகோ. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் ஹாரர் கேம் "பாட்டி கேம்"தான், அதாவது கிரானி. டிவிலோப்பர் என்ற பெயரில் கேம் செய்யும் ஒருவருடையது, 2017 நவம்பரில் வந்தது. கிராபிக்ஸ் சுமார்தான், சுவரும் கட்டிலும் மொழுக்கென்று இருக்கும். ஆனால் விளையாடும்போது கை வியர்க்கிறதே, அது ஏன்?

அந்த வீட்டின் சட்டம் ஒன்றே ஒன்று: சத்தம் போட்டால் பாட்டி வருவாள். தரையில் சில பலகைகள் கிறீச்சிடும். கையிலிருந்து ஒரு பொருள் விழுந்தால் அவளுக்குக் கேட்கும். தப்பிக்க உங்களுக்கு ஐந்து நாள்தான். அவளிடம் ஒருமுறை அடிவாங்கினால் ஒரு நாள் போய்விடும். முன்கதவைத் திறக்கச் சாவி, சுத்தியல், கட்டிங் பிளையர் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தேட வேண்டுமென்றால் இழுப்பறையைத் திறக்க வேண்டும், நடக்க வேண்டும், அதாவது சத்தம் போட்டே ஆக வேண்டும். நாம் செய்கிற ஒவ்வொரு வேலையும் நம்மைக் காட்டிக்கொடுக்கும் வேலை. கட்டிலுக்கடியில் புகுந்து அவள் காலடி நெருங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது திரை அளவு யாருக்கு ஞாபகம் வரும்?

அதே சத்தம் நம் ஆயுதமும்கூட. மாடியில் வேண்டுமென்றே ஒரு பொருளைப் போட்டுவிட்டு வேறு வழியாகக் கீழே இறங்கினால், அவள் மேலே தேடும் நேரத்தில் நமக்குக் கீழ்த்தளம் காலி. 2019-ல் வந்த இரண்டாம் பாகத்தில் தாத்தாவும் உண்டு. அவருக்குக் காது மந்தம், அடி பலம். இரண்டு பேர் ஒரே வீட்டில், ஒருத்திக்குக் காது கூர்மை, ஒருவருக்கு இல்லை என்றவுடன் முதல் பாகத்தில் கற்ற கணக்கெல்லாம் மாறிவிடுகிறது. அருமையான யோசனை அது.

பெரியதிரை:

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் மாறுபடுகிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு கேமும் போனுக்கு ஏற்றபடி சின்னதாகச் செய்யப்பட்டவை, அதனால் பொருந்துகின்றன. ஏலியன் ஐசொலேஷன் போன்ற ஒன்றை எடுங்கள். 2014-ல் வந்த அந்த கேமை இருட்டறையில் பெரிய திரையில் விளையாடியிருக்கிறேன். விண்வெளி நிலையத்தின் தாழ்வாரம் அறை முழுக்க நிரம்பி நிற்கும். போனில் அதே காட்சியின் இரண்டு மூலையையும் என் கட்டைவிரல்கள் மறைக்கும். திரைக்கு வெளியே மின்விசிறி தெரியும், சுவர் தெரியும். பயம் அதிகமானால் போனைக் கவிழ்த்து வைத்துவிடலாம்.

இன்னொன்று, இலவச கேம்களின் விளம்பரம். ஒரு கேமில் பேய் பிடித்த அடுத்த நொடி முழுத்திரை விளம்பரம், அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே சோப்பு விற்கிறார். அதுவரை சேர்ந்த பயமெல்லாம் அங்கேயே கரைந்துவிடுகிறது. இதைக் குறை சொல்லாமல் எப்படி இருப்பது?

இரவுப்பறவை:

பெரியதிரை, விளம்பரம் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. தொலைபேசி அழைப்பு, வாட்ஸ்அப் அறிவிப்பு எல்லாமே அந்த வகைதான். முடிந்தவரை காசு கொடுத்து வாங்கும் கேம்களையே தேர்ந்தெடுங்கள் என்பேன். இரண்டு மாதம் டீ குடிக்கும் செலவில் முழு கேம் கிடைக்கும்போது அதை உருவாக்கியவருக்குக் கொடுப்பதில் தவறில்லை. அறிவிப்புகளுக்கு "தொந்தரவு செய்யாதே" போட்டுவிட்டு உட்காருங்கள்.

ஆனால் ஏலியன் ஐசொலேஷன் எடுத்துக்காட்டு என் பக்கம்தான் நிற்கிறது. ஃபெரல் இன்டராக்டிவ் நிறுவனம் அதை 2021 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் கொண்டுவந்தது. முழு கேம், கூடுதல் பகுதிகளோடு. 10 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும், நல்ல போன் வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். அதில் நம்மை வேட்டையாடும் வேற்றுகிரக ஜந்துவைப் பெரும்பாலான நேரம் நாம் பார்ப்பதே இல்லை. மேலே காற்றுக்குழாய்க்குள் ஊர்வது கேட்கும். கையில் மோஷன் டிராக்கர் என்ற கருவி, ஏதாவது அசைந்தால் பீப் அடிக்கும். அருகில் வரவர பீப் வேகமாகும். அந்த பீப்பே அருகிலிருக்கும் ஜந்துவுக்குக் கேட்டுவிடலாம் என்பது இன்னும் கொடுமை. அது எங்கே என்று தெரிய வேண்டுமா, நான் இங்கே என்று காட்டிக்கொடுக்காமல் இருக்க வேண்டுமா? இந்தக் கேள்வி எந்தத் திரையிலும் ஒன்றுதான்.

சேவ் செய்யும் விதமும் அப்படியே. சுவரில் இருக்கும் கருவியில் அட்டையைச் செருகிவிட்டு, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும் வரை நின்றுகொண்டிருக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில் முதுகு திறந்துகிடக்கிறது.

நிரல்காரன்:

நான் கேம் தொழிலில் இருக்கிறேன், ஹாரர் செய்வதில்லை என்றாலும் இவற்றின் உள்ளே எப்படி ஓடுகிறது என்று படிப்பதில் தீராத ஆசை. பேச்சு சரியான இடத்துக்கு வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏலியன் ஐசொலேஷனில் இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. ஒன்று ஜந்துவின் மூளை. அதற்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. அது உண்மையாகவே பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், தேட வேண்டும். மேலே இன்னொரு மூளை, டைரக்டர் என்பார்கள். அதற்கு நீங்கள் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் அது ஜந்துவிடம் முழு உண்மையைச் சொல்லாது, "இந்தப் பக்கம் போய்ப் பார்" என்று தோராயமாக ஒரு திசை காட்டும். உங்களுக்கு நெருக்கடி எவ்வளவு நேரமாகத் தொடர்கிறது என்று டைரக்டர் ஒரு கணக்கு வைத்திருக்கும். அளவு மீறினால் ஜந்துவைக் காற்றுக்குழாய்க்குள் திரும்ப அனுப்பிவிடும். உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்புறம் மறுபடி இறக்கும். கேம் நகர நகர ஜந்துவுக்குப் புதுப்புது நடத்தைகள் திறந்துவிடப்படும், அதனால் அது நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுபோல் தோன்றும்.

ஃபைவ் நைட்ஸில் உள்ளே இருப்பது இதற்கு நேர் எதிர், எளிமையின் எல்லை. ஒவ்வொரு பொம்மைக்கும் 0 முதல் 20 வரை ஒரு நிலை உண்டு. சில விநாடிக்கு ஒருமுறை (பானி, சிகா என்ற பொம்மைகளுக்குக் கிட்டத்தட்ட 5 விநாடி, ஃப்ரெடிக்கு 3) கேம் 1 முதல் 20 வரை ஏதாவது ஓர் எண்ணைத் தற்செயலாக எடுக்கும். எண் நிலைக்குள் இருந்தால் பொம்மை நகர முயலும், இல்லாவிட்டால் நிற்கும். அவ்வளவுதான், தாயக்கட்டை உருட்டுவது மாதிரி. இரவு ஏறஏற நிலை ஏறும். இந்த எளிய கணக்கின்மேல் நம் மனது என்னென்னவோ கட்டிக்கொள்கிறது. "நான் கேமராவை மூடியதும் வந்தான், என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்" என்று சத்தியம் செய்வோம். உருளும் எண்ணுக்கு எண்ணம் கற்பிக்கும் அந்த வேலையைச் செய்வது விளையாடுகிறவர்தான். நல்ல ஹாரர் கேம் அதற்கு இடம் விட்டு வைக்கும்.

இதனால்தான் இரவுப்பறவை சொல்வதை ஏற்கிறேன். பயத்தைச் செய்யும் பகுதி மிகச் சிறிய நிரல், அதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். அதோடு காத்தன் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: அதற்கு முன்பு அவர் பிள்ளைகளுக்காகச் செய்த ஒரு கேமைப் பார்த்த விமர்சகர்கள், பாத்திரங்கள் பயமுறுத்தும் இயந்திர பொம்மைபோல் இருக்கின்றன என்று எழுதினார்கள். மனம் நொந்தவர், அப்படியானால் உண்மையிலேயே பயமுறுத்தும் இயந்திர பொம்மைகளைச் செய்கிறேன் என்று உட்கார்ந்தார். விளைவு ஊருக்கே தெரியும்.

பெரியதிரை சொன்ன கட்டைவிரல் பிரச்சினை உண்மை. திரையில் வரையப்பட்ட ஜாய்ஸ்டிக்கை விரல் உணர முடியாது, அதனால் கண் அடிக்கடி அங்கே போய்வரும். அவசரத்தில் ஓட முயன்று சுவரில் முட்டி நிற்கும்போது வருவது எரிச்சல், பயமில்லை. ஒரு புளூடூத் கன்ட்ரோலர் இதைத் தீர்க்கும். இல்லையென்றால் நடக்கத் தேவையில்லாத ஹாரர் கேம்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

யாழிசை:

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன். காது பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், நானே எழுதிவிடுகிறேன்.

ஒரு சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று நமக்கு எப்படித் தெரிகிறது? இரண்டு காதுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தால். அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சத்தத்தின் அளவிலும் காதுக்குக் காது வேறுபாடு இருக்கும். போனின் அடியிலிருக்கும் ஸ்பீக்கரில் விளையாடினால் இதெல்லாம் அப்படியே அழிந்துவிடும். பாட்டி எந்தப் பக்கம் வருகிறாள் என்ற செய்தியே உங்களுக்குக் கிடைக்காது. ஸ்பீக்கரில் விளையாடிவிட்டு "பயமே இல்லை" என்பவர்கள் பாதி கேமைத்தான் விளையாடியிருக்கிறார்கள் என்பேன்.

சாதாரண வயர் இயர்போன் போதும். புளூடூத் இயர்பட் என்றால் சத்தம் தாமதமாக வரும், விநாடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில். பாட்டு கேட்க இது பொருட்டில்லை. கதவு திறப்பதைக் கண் பார்த்த பிறகு கிறீச் கேட்டால் மனது உடனே "இது பொய்" என்று கண்டுபிடித்துவிடும். சில இயர்பட்களில் கேமிங் மோட் இருக்கிறது, அதைப் போட்டால் தாமதம் குறையும்.

வால்யூம் பற்றி ஒன்று. திடீர்ச் சத்தத்துக்குக் கண் சிமிட்டுவது ஏறக்குறைய 50 மில்லி விநாடிக்குள் தொடங்கிவிடும். என்ன சத்தம் என்று மூளை அடையாளம் காண்பதற்கு முன்பே உடம்பு திடுக்கிட்டுவிடுகிறது. திடீரென்று கத்தித் திடுக்கிட வைக்கும் ஜம்ப் ஸ்கேர் இதை நம்பித்தான் இயங்குகிறது, எந்த மலிவான கேமும் இதைச் செய்துவிடலாம். மறுபடி மறுபடி செய்தால் உடம்பு பழகிவிடும், பலம் குறையும். ஏற்கெனவே மனது கலங்கியிருந்தால், சுற்றிலும் இருட்டாக இருந்தால், அதே சத்தத்துக்குத் திடுக்கிடல் கூடும். ஆகவே அமைதியாகப் பத்து நிமிடம் நம்மைக் காக்கவைக்கும் கேம் ஒரே ஒரு சத்தத்தில் செய்வதை, நிமிடத்துக்கு நிமிடம் கத்தும் கேம் எத்தனை கத்தினாலும் செய்ய முடியாது. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன். இயர்போனில் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். மெல்லிய சத்தத்தைக் கூர்ந்து கேட்கும் நிலைதான் உங்களுக்கு வேண்டியது, காதுக்கும் அது நல்லது.

பெரியதிரை:

யாழிசை எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. திரை பற்றி ஒன்று சேர்க்கிறேன், எல்லோருக்கும் பயன்படும். ஓஎல்இடி திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும். எல்சிடி திரையில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் இருட்டு சாம்பலாகத் தெரியும். கேம் தொடங்கும்போது "இந்தச் சின்னம் மங்கலாகத் தெரியும்வரை குறையுங்கள்" என்று கேட்டால் அதை நேர்மையாகச் செய்யுங்கள். பிரைட்னஸை ஏற்றி வைத்துக்கொண்டு மூலையில் நிற்பதையெல்லாம் பார்த்துவிட்டால் என்ன மிச்சம்?

திரை அளவு பற்றிய என் கருத்து அப்படியே நிற்கிறது.

மலர்விழி அம்மா:

நான் கேம் விளையாடுகிறவள் இல்லை. என் ஒன்பது வயது மகன் விடுமுறையில் பெரியப்பா வீட்டில் அண்ணனோடு சேர்ந்து இந்தப் பாட்டி கேம் விளையாடியிருக்கிறான். ஊருக்கு வந்ததிலிருந்து இரவில் கழிவறைக்குத் தனியாகப் போக மாட்டேன் என்கிறான், விளக்கு எரிந்தால்தான் தூங்குகிறான். எங்கள் மாமியாரைப் பார்த்தே ஒருநாள் ஒதுங்கினான், அது அவருக்கு மிகவும் வருத்தம். கேமோ இன்னும் கேட்கிறான். என்ன செய்வது? திட்டிப் பயனில்லை என்று புரிகிறது.

கொங்கு கேமர்:

அக்கா, போனில் அந்த கேம் இருந்தால் முதல் வேலையாக அழித்துவிடுங்கள். ஒன்பது வயதுக்கு இது வேண்டாம். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமுக்கும் 3+, 7+, 12+, 16+, 18+ என்று வயதுக் குறி இருக்கும். பெற்றோர் கட்டுப்பாட்டில் ஒரு வயதை வைத்துவிட்டால் அதற்கு மேலான கேம்கள் அவன் கணக்கில் இறங்காது. கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியும் உண்டு.

கரும்பலகை:

அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் நான். அழிப்பது சரி, ஆனால் அழித்தால் தீர்ந்துவிடாது. அவன் மனதில் அந்த வீடு இன்னும் முடியாமல் நிற்கிறது. பிள்ளைகளின் பயத்தைச் சிரித்து ஒதுக்குவதும் "ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமா" என்பதும் அதை உள்ளே தள்ளிவிடும்.

என் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். பகல் நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வீட்டின் படத்தைத் தாளில் வரையச் சொல்லுங்கள். எந்த அறையில் என்ன இருக்கிறது, பாட்டி எங்கே நடப்பாள், எதைக் கேட்டால் வருவாள், எல்லாம் அவனே சொல்லட்டும். பிள்ளைகள் இதை அபாரமாகச் செய்வார்கள். நிரல்காரன் எழுதியதுபோல் அவள் ஒரு சட்டப்படி நகரும் பொம்மை, சத்தம் வந்த இடத்துக்குப் போ என்று ஒருவர் எழுதிவைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். அதை எழுதியவரும் ஒரு மனிதர்தான் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி. உங்கள் மாமியாரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், பேரன் வரைந்த படத்தைப் பார்த்து அவர் கேள்வி கேட்கட்டும்.

தூங்குவதற்கு முன் திரை வேண்டாம். விளக்கு எரிய வேண்டும் என்றால் சில வாரம் எரியட்டும், அதில் சண்டை வேண்டாம். தூக்கம் கெடுவது குறையாமல் நீண்டால், பள்ளிக்கும் போக மறுத்தால், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலர்விழி அம்மா:

நன்றி ஐயா. படம் வரையச் சொல்வது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தையிடமும் சொல்கிறேன்.

கொங்கு கேமர்:

பிள்ளைகள் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன், பெற்றோர் அவசியம் படிக்க வேண்டும். கேம் பிரபலமானதும் அதன் பெயரில் நூறு போலி வரும். 2019 ஜூனில் வாண்டெரா என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்தது: ஸ்கேரி கிரானி ஜாம்பி மாட் என்ற செயலி. பிளே ஸ்டோரிலேயே இருந்தது, 50,000 தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தது. உண்மையான கிரானியின் புகழில் ஒட்டிக்கொண்டது, உள்ளே விளையாடவும் முடியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு நாள் வரை பேசாமல் இருந்துவிட்டு, கூகுள் பாதுகாப்புச் சேவையைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு காட்டும். தட்டினால் கூகுள் போலவே ஒரு பக்கம் வந்து கடவுச்சொல் கேட்கும். கொடுத்தால் கணக்கு அவர்கள் கையில். பழைய ஆண்ட்ராய்டு போன்களைத்தான் அது குறிவைத்தது. அப்புறம் கூகுள் அதை நீக்கிவிட்டது.

ஸ்டோரில் இருந்ததற்கே இந்தக் கதி என்றால், டெலிகிராமில் சுற்றும் "மாட் மெனு, எல்லாம் இலவசம்" ஏபிகே (ஸ்டோருக்கு வெளியே நேரடியாக நிறுவும் செயலிக் கோப்பு) பற்றி யோசித்துப் பாருங்கள். ஒரு ஹாரர் கேமுக்கு உங்கள் தொடர்பு எண்களும் குறுஞ்செய்தியும் எதற்கு? கேட்டால் கொடுக்காதீர்கள். கேமுக்குள் கூகுள் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யவே வேண்டாம்.

பனைமரத்து நிழல்:

என்னிடம் 4 ஜிபி ரேம் போன். ஏலியன் எல்லாம் ஓடாது. கதையும் நல்லதாக இருக்க வேண்டும், சும்மா கத்துவது வேண்டாம். எதில் தொடங்கலாம்?

இரவுப்பறவை:

லிம்போ. 2010-ல் வந்தது, பிற்பாடு போனுக்கும் வந்தது. முழுக்கக் கறுப்பு வெள்ளை, ஒரு சிறுவன், ஒரு காடு. வார்த்தையே கிடையாது. சாதாரணப் போன் போதும்.

அதன்பிறகு டிடென்ஷன். இதைக் கட்டாயம் விளையாடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். தைவானின் ரெட் கேண்டில் நிறுவனம் 2017-ல் வெளியிட்டது. 1960-களில் தைவானில் ராணுவச் சட்டம் நடந்த காலம், தடைசெய்யப்பட்ட புத்தகம் படித்தால் சிறை. மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் மழைக்கு மாட்டிக்கொண்ட இரண்டு மாணவர்கள். பேய் அருகில் வந்தால் ஓடக்கூடாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கடக்க வேண்டும். நம் விரல் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை மூச்சு நிற்கும். நானும் கூடவே மூச்சை அடக்கியிருந்தேன் என்பது கடந்த பிறகுதான் தெரியும். வழியில் சோற்றுப் படையல் வைத்தால் பேயின் கவனம் அங்கே போகும். பேய்களைவிட ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் மனிதர்கள்தான் அதில் நம்மை அதிகம் வலிக்கச் செய்வார்கள்.

ஐபோன் இருந்தால் இயர் வாக், 2013. ஸ்வீடனின் பழைய நம்பிக்கை ஒன்று: வருடக் கடைசி இரவில் காட்டு வழியே தேவாலயத்துக்கு நடந்தால் வரப்போகும் வருடம் தெரியும். அந்த நடைதான் கேம்.

தேரிக்காடு:

இரவுப்பறவை எழுதியதைப் படித்ததும் மனதில் இருந்ததைக் கேட்டுவிடுகிறேன். தைவான்காரர் படையல் வைக்கிறார், ஸ்வீடன்காரர் தங்கள் காட்டில் நடக்கிறார். ஐஸ் (Eyes, கண்கள்) என்ற கேமில் தாய்லாந்து, கம்போடியாப் பக்கத்துக் கிராசு வருகிறது, தலையும் குடலுமாகப் பறக்கும் பேய். நமக்கு என்ன குறை? முனி நடக்கும் பாதை என்று வீடு கட்டும்போதே ஒதுக்கி விடுகிறோம். எங்கள் பக்கம் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், இரவு நடந்தால் மணலில் காலடிச் சத்தம் கேட்காது, பனையோலை உரசும் சத்தம் மட்டும் கேட்கும். உச்சிவேளையில் கிணற்றடிக்குப் போகாதே என்று ஆச்சி சொல்லுவார்கள். இருட்டே இல்லாத பயம் அது! இதையெல்லாம் வைத்து யாராவது ஒரு நல்ல கேம் செய்யக் கூடாதா? பேய்ப் படத்தில் வரும் வெள்ளைச் சேலையும் கொலுசும் மட்டும் போட்டு நிறுத்திவிடாமல்.

நிரல்காரன்:

செய்யலாம், பெரிய குழுவெல்லாம் வேண்டாம். இந்த இழையில் பேசியதை அப்படியே பயன்படுத்துவோம். நடக்கத் தேவையில்லாத கேம். பனைகளுக்கு நடுவே ஒரு குடிசை, இரவுக் காவல், ஒரு லாந்தர். எண்ணெய் அளவாகத்தான் இருக்கும், திரியை ஏற்றினால் தெரியும், எண்ணெய் குறையும். வெளியில் இருப்பது நடந்தால் சத்தம் வராது, மணல். அதனால் ஓலைச் சத்தத்தில் காற்றுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் பிரித்தறிய வேண்டும். இதுதான் முழு கேமும். கோடோ எஞ்சினில் (கேம் உருவாக்கும் மென்பொருள்) ஆண்ட்ராய்டுக்கு இதை நான் எழுதித் தருகிறேன், விளம்பரம் இல்லாமல். சத்தம்தான் என்னிடம் இல்லை.

தேரிக்காடு:

உண்மையாகவா? சத்தம் நான் பதிந்து தருகிறேன். என் போனிலேயே பதியலாமா?

யாழிசை:

போன் போதும், காற்று மைக்கில் அடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சு உறை கிடைத்தால் மாட்டுங்கள், இல்லையென்றால் உங்கள் உடம்பைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து நில்லுங்கள். வேவ் கோப்பாகச் சேமியுங்கள், எம்பி3 வேண்டாம். இரவிலும் விடியற்காலையிலும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடமாவது வேண்டும், இல்லையென்றால் அதே சத்தம் திரும்ப வருவது காதுக்குத் தெரிந்துவிடும். காற்று ஓலையை உரசுவது ஒன்று, நீங்களே ஓலையைக் கையால் விலக்குவது ஒன்று. இரண்டாவதை வேறு வேறு வேகத்தில் பதியுங்கள், அதுதான் நம் பேய். மோனோவாகவே (இடம், வலம் பிரிக்காத ஒற்றைத் தடமாக) அனுப்புங்கள், எந்தத் திசையிலிருந்து வர வேண்டும் என்பதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும்.